பரீட்சை நாளின் லீவு லெட்டர்

என் மகள் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், மாநிலம் முழுக்க ஒரே நாளில் ஒரே மாதிரிக் கேள்வித்தாளில் எழுதும் புதுப் பரீட்சை ஒன்று வந்தது. விடை எழுத வேண்டாம், வட்டத்தைக் கருப்பு மையால் நிரப்பினால் போதும் என்றார்கள். அதற்கென்று ஒரு கருப்புப் பேனா கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வட்டம் வட்டமாகப் போட்டு, கோட்டுக்கு வெளியே போகாமல் நிரப்பிப் பழகினாள். அதில் கெட்டிக்காரிதான். கேள்வியைத்தான் அவளால் வாசிக்க முடியாது. எழுத்தெல்லாம் தெரியும், சேர்த்து வாசி என்றால் இரண்டாவது சொல்லில் நின்றுவிடுவாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். வகுப்பு டீச்சர் போனில் கூப்பிட்டார். தறிச் சத்தத்துக்கு வெளியே வந்து பேசினேன்.

"யக்கா, நாளைக்கு மட்டும் பாப்பாவ அனுப்பாண்டாம், என்ன?"

"நாளைக்குப் பரீட்சைலா டீச்சர்?"

"அதுக்குத்தான் சொல்லுதேன். அவளுக்கு வாசிக்க வராதுன்னு உங்களுக்கே தெரியும். பேந்தப் பேந்த முழிச்சிட்டு இருப்பா. மார்க்கு குறைஞ்சா எங்களத்தான் கேள்வி கேப்பாங்க. சொந்தக்காரங்க வீட்ல சடங்குன்னு ஒரு லீவு லெட்டர் எழுதி விட்ருங்க."

எங்கள் பக்கத்தில் சடங்கு என்று லீவு லெட்டர் கொடுத்தால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. பெண்பிள்ளை வயதுக்கு வந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் போகாமல் இருக்க முடியாது. எந்த ஊர், யார் வீடு என்று விசாரிக்க மாட்டார்கள்.

"சரி டீச்சர்" என்றேன். என் பிள்ளைக்கு ஏன் வாசிக்க வரவில்லை என்று அந்த டீச்சரிடம் கேட்கப் பலமுறை வகுப்பு வாசல் வரை போயிருக்கிறேன். என்ன விஷயம் என்று அவர் கேட்டதும், சும்மா வந்தேன் என்று சொல்லித் திரும்பிவிடுவேன். சரி என்பது மட்டும் என் வாயில் தடங்கல் இல்லாமல் வரும்.

அந்தக் கருப்புப் பேனாவால்தான் லெட்டரை எழுதினேன். மேலநீலிதநல்லூரில் உறவினர் வீட்டுச் சடங்கு என்று எழுதினேன். அங்கே எங்களுக்கு யாரும் கிடையாது.

"யாருக்கும்மா சடங்கு?" என்றாள் மகள்.

"பேசாம இரி" என்றேன். எடுத்து வைத்திருந்த யூனிபாரத்தை அவளே மறுபடி மடித்து உள்ளே வைத்தாள்.

முடிவு வந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். சுவரில் பெரிய தாள் ஒன்றை ஒட்டி, தலைமையாசிரியர் விளக்கினார். நன்றாக வாசிக்கிற பிள்ளைகள் பச்சை, அரைகுறையாக வாசிப்பவர்கள் மஞ்சள், வாசிக்கவே வராதவர்கள் சிவப்பு. "நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு சிவப்பு கூடக் கிடையாது, பாத்துக்கிடுங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "சிவப்பு வந்தா என்ன சார் செய்வீங்க, டீசியக் கிழிச்சுக் கையில கொடுத்துருவீங்களோ?" என்றார். சிரிப்பு எழுந்தது.

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. இதுல பாசும் கிடையாது, பெயிலும் கிடையாது. யாருக்கு வாசிக்க வரலைன்னு கண்டுபிடிக்கத்தான் பரீட்சையே. மஞ்சளும் சிவப்பும் வந்த பிள்ளைகளுக்கு தினமும் காலைல தனி வகுப்பு, தனி புஸ்தகம். ஆறாம் வகுப்பு போறதுக்குள்ள வாசிக்க வச்சிரணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் மகளைப் போன்ற பிள்ளையைத் தேடித்தான் அந்தப் பரீட்சை வந்திருக்கிறது. நான் அவளை வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து, தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றேன். டீச்சரும் அங்கே இருந்தார்.

"எம் மவளையும் அந்த வகுப்புல சேத்துக்கிடுங்க சார்."

அவர் பட்டியலைப் பார்த்தார். "அன்னைக்கு ஆப்சென்ட்டும்மா. மார்க்கு இருந்தாத்தான் பேரு வரும். லிஸ்ட்டு மேல இருந்து வருது, நான் சேக்க முடியாது."

"டீச்சர்தான் சார் அனுப்பாண்டாம்னு..." பாதிக்கு மேல் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தலைமையாசிரியர் ஒரு ஃபைலைத் திறந்து, என் லெட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது உங்க கையெழுத்துதானம்மா? பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க. பரீட்சை அன்னைக்குப் பிள்ளைய சடங்குக்குக் கூட்டிட்டுப் போனா, நாங்க என்ன செய்ய?"

டீச்சர் அட்டெண்டன்ஸ் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஆமா சார், என் கையெழுத்துதான்" என்றேன்.

மறுநாள் தறிக்கூடத்தில் கூட வேலை பார்ப்பவளிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, அவ போன் பண்ணினத அங்கனயே சத்தமாச் சொல்ல வேண்டியதுதான? வாய்ல என்னத்தப் போட்டுக் குதப்பிக்கிட்டு இருந்த?" என்றாள்.

மகள் இப்போது வேறு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. இன்னும் இரண்டாவது சொல்லில்தான் நிற்கிறாள். போன வாரம், அங்கேயும் வட்டம் நிரப்புகிற பரீட்சை வருகிறது என்று வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைத்தாளையும் அந்தக் கருப்புப் பேனாவையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"சடங்குன்னே எழுதும்மா" என்றாள்.