எந்தக் கடல் நீலம்?

அட்டாளைச்சேனையில் பஸ் ஏறி, கல்முனை தாண்டி மருதமுனையில் இறங்கியிருக்கிறேன். நாளைக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நிறம் படிப்பிக்கிற வகுப்பு. கையால் தொட்டு, ஒட்டிப் படிக்க அவர்களுக்குச் சாய நூல் வேண்டும். நிறமெல்லாம் சரியாகப் பார்த்து நானே வாங்கி வருவேன் என்று டீச்சரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவர் வேண்டிய நிறங்களை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தந்திருக்கிறார்.

நெசவுக் கடையில் டீச்சர், வகுப்பு, துண்டு எல்லாக் கதையும் சொல்லி முடிப்பதற்குள் மஞ்சளும் சிவப்பும் பச்சையும் பைக்குள் போய்விட்டன. மிச்சம் நீலம்.

"கடல் நீலம் தாங்க மகன்."

கடைக்காரர் சிரிக்கிறார். "எந்தக் கடல் உம்மா? வாடைக் காத்துக் கடலா, கச்சான் காத்துக் கடலா?"

"கடல் ஒண்டுதானே!"

"காத்து மாறினா கடலும் நிறம் மாறும். டீச்சர்ர துண்டுல என்ன எழுதிரிக்கி?"

துண்டு இடுப்பில்தான் இருக்கிறது. நான் எழுத்துக்கூட்டி வாசிப்பதை அவர் ஏன் பார்க்க வேண்டும்?

"துண்டு எதுக்கு? கண் இரிக்கே."

மூன்று நீல நூலை எடுத்துக்கொண்டு ஒழுங்கை வழியாகக் கடற்கரைக்கு நடக்கிறேன். அவரும் வேடிக்கை பார்க்கப் பின்னால் வருகிறார். நூலைக் கடலுக்கு நேரே பிடிக்கிறேன். வெளிறிய நீலம் கரையோரத் தண்ணீரோடு சேர்கிறது. அடுத்தது தோணி நிற்கிற இடத்தோடு. கடுநீலம் வானம் தொடுகிற கோட்டோடு.

"எது உம்மா சரி?"

"மூண்டும் சரி."

இப்போது துண்டை நானே எடுத்து நீட்டுகிறேன். அவர் வாசிக்கிறார். "நீலம், ஒண்டு எண்டுதான் எழுதிரிக்கி."

"அவ கடலப் பாக்காம எழுதிட்டா, மகன். மூண்டையும் கட்டுங்க."