நாலரை விரல்

எங்கள் பாதைக்கு அடையாளம் ஒரு கை. மஞ்சள் பெயின்டில் முக்கிப் பதித்த வலது கை. அதில் ஆள்காட்டி விரல் மட்டும் பாதியில் நின்றுவிடும். புதிதாகப் பார்க்கிறவர்கள் பெயின்ட் சரியாக ஒட்டவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். பெயின்டெல்லாம் ஒழுங்காகத்தான் ஒட்டியது. அந்தக் கையே அப்படித்தான்.

அது என் தோழியின் கை. கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவள் லைனில் வேலை பார்த்தாள், நான் குவாலிட்டியில். அங்கே வருவதற்கு முன்னால் ஏதோ ஒரு சின்னப் பட்டறையில் இருந்தாள். அங்கே பிரஸ் மெஷினுக்குத் தடுப்பு கிடையாது. விரல் போயிற்று. அதை அவள் ஒளித்து நான் பார்த்ததே இல்லை. ஷிப்ட் முடிந்து டீக்கடைக்குப் போனால் கையை விரித்து நீட்டி, "நாலரை டீ குடு நைனா" என்பாள். முதல் நாள் கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். அப்புறம் அவரே ஐந்து கிளாஸில் ஒன்றை மட்டும் பாதி ஊற்றி வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அந்தப் பாதி கிளாஸ் எப்போதும் எனக்குத்தான் வரும்.

நான் மணவாள நகரில் கம்பெனி பஸ் ஏறுவேன். ஊத்துக்கோட்டை தாண்டி ஒரு கூட்டு ரோட்டில் அவள் ஏறி என் பக்கத்தில் உட்காருவாள். வழியெல்லாம் ஏரிகள். மழை முடிந்த மாதங்களில் ஜன்னல் ஓரம் பூராவும் தண்ணீர் மின்னும். வருஷத்துக்கு ஒருமுறை மெஷின்களைப் பிரித்துப் பார்க்க கம்பெனியில் லீவு விடுவார்கள். அப்படி ஒரு லீவுக்கு முந்தின நாள்தான் அவள் கேட்டாள்.

"இன்னாக்கா, தெனம் இந்த ஏரியப் பாத்துக்கினே போறோம். ஒரு வாட்டி எறங்கி நடந்துதான் பாக்கலாமே?"

நடந்தோம். லைனில் இருந்த இன்னும் சில பெண்களும், இரண்டு பேரின் கணவன்மாரும் சேர்ந்துகொண்டார்கள். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் தொடங்கி, ஏரிக்கரைகளாகப் பிடித்து, ஊத்துக்கோட்டை, பூண்டி நீர்த்தேக்கம் என்று போய், கடைசியில் திருவாலங்காட்டில் ரயில் ஏறி வீட்டுக்கு வந்தோம். நாலு நாள் நடை. திருவாலங்காட்டில் முடித்தது பக்தியால் இல்லை, கால் ஒத்துக்கொள்ளாத இடத்தில் ஸ்டேஷன் இருந்தது, அவ்வளவுதான். அடுத்த வருஷம் போகும்போது, இனி வழி மறந்துபோகக்கூடாது என்று, கம்பெனி ஷாப் ஃப்ளோரில் கோடு போட்டு மிச்சமான மஞ்சள் பெயின்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனோம். பிரஷ் கொண்டுவர மறந்துவிட்டோம். அவள் டப்பாவுக்குள் கையை விட்டு, கரைக்கல்லில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள். அதிலிருந்து அதுவே அடையாளமாகிவிட்டது. வேறு யார் பதித்தாலும் ஆள்காட்டி விரலைப் பாதி மடக்கிக்கொண்டுதான் பதிக்க வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் மடக்காமல் பதித்தால் மற்றவர்கள் கத்துவார்கள்.

இரண்டாவது ராத்திரி தங்குவது அவள் தெருவில். அந்தத் தெருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஊரை விட்டுத் தள்ளி, ஏரிக்கு இந்தப் பக்கம் இருந்தது அது. ஒரு தலைமுறைக்கு முன்பு எல்லாரும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். இப்போது வீட்டுக்கு ஒருவராவது கம்பெனி யூனிஃபார்ம் போடுகிறார்கள். பாதி வீட்டில் சிலுவை, பாதி வீட்டில் அம்மன் படம். தெரு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புளியமரம் நிற்கிறது. ஊர்க் கோயில் சாமி புறப்பாடு அந்தப் புளியமரம் வரைக்கும் வரும், மேளம் ஒரு சுற்று வாசித்துவிட்டு அப்படியே திரும்பிவிடும். தண்ணி லாரியும் அங்கேதான் திரும்பும். கேட்டால் தெரு குறுகல் என்பார்கள். நான் திருவள்ளூர்க் கோயில் வீட்டுப் பெண். பெருமாள் எந்தத் தெருவில் எங்கே திரும்புவார் என்று எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மனப்பாடம். ஏன் அங்கே திரும்புகிறார் என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தெருவில் நான் பிறக்கவில்லை.

அந்தத் தெருவுக்குள் வெளியாட்கள் விருந்தாளியாக வந்தது எங்கள் நடையில்தான். அப்படி வந்தவர்களை அவர்கள் சும்மா விடவில்லை. வீட்டுக்கு இரண்டு பேர் என்று பிரித்துக்கொள்வார்கள். யார் வீட்டுக்கு யார் என்று சண்டையே நடக்கும். மற்றவர்களுக்கு ஏரி மீன் குழம்பு, எனக்கு மட்டும் பருப்பு. மீன் வாடையே படாத ஒரு சின்ன அலுமினியச் சட்டியை எனக்கென்று தனியாக வாங்கி, பரண்மேல் துணி சுற்றி வைத்திருந்தாள் அவள். "இது கோயிலூட்டு அக்கா சட்டி. யாரும் தொடாதீங்க, தொட்டா பெருமாள் கோச்சிக்குவாரு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவிப்பாள். எனக்கு வெட்கமாக இருக்கும். சந்தோஷமாகவும் இருக்கும்.

வருஷம் ஏற ஏற நடக்கிறவர்கள் பெருகினார்கள். திருநின்றவூர், ஆவடி, சென்னை என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் வழியில் எங்காவது ஒரு புதுச் சுவரும் முளைத்திருக்கும். மனைப் பிரிவு போட்டவர் ஒருபக்கம், குடோன் கட்டியவர் ஒருபக்கம் என்று ஏரிக்கரை துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான், நாடு முழுவதும் இப்படிப் பல நாள் நடைபாதைகளுக்குத் தேசியத் தரம் என்று ஒன்று கொடுக்கிறார்கள், அது கிடைத்துவிட்டால் குறுக்கே யாரும் சுவர் எழுப்ப முடியாது என்று எங்களில் ஒருவர் தெரிந்துகொண்டு வந்தார்.

விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று பேசினோம். எனக்குக் கொஞ்சம் தயக்கம். அவளுக்குத் துளியும் இல்லை. கையைத் தூக்கிக் காட்டினாள்.

"தரம்னு ஒண்ணு அந்தப் பட்டறைல இருந்திருந்தா இந்த வெரலு இருந்திருக்கும். வரட்டும்க்கா. வந்து நம்ம பாதைய அளந்து பாக்கட்டும். இன்னா கொறஞ்சி பூடப்போவுது?"

நானும் சரி என்றேன். என் பிழைப்பே தரம் பார்ப்பது. அளவு பார்க்கிற கேஜில் சரியாக உட்கார்ந்தால் நல்ல பீஸ், உட்காராவிட்டால் சிவப்புத் தொட்டி. அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

பார்வையிட வந்தவர்கள் நல்லவர்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கெட்டவர்களாக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். எங்களோடு வெயிலில் நடந்தார்கள், கொப்புளத்துக்கு மருந்து கொடுத்தார்கள், அவள் வீட்டில் மீன் குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். ஓர் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பாதை அடையாளத்தின் கதையைக் கேட்டுக் கண் கலங்கினார். போகும்போது, மறுபடி ஒருமுறை வருவோம், அடையாளங்கள் மட்டும் இன்னும் தெளிவாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தெளிவாக இருக்கட்டும் என்றதுதான் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் முன்னால் நின்றாள். வீடு வீடாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். அப்புறம் ஒவ்வொரு கதவிலும் ஒரு மஞ்சள் கை. குழந்தைகள் வரை எல்லாரும் விரலை மடக்கிக்கொண்டு அவரவர் கதவில் பதித்தார்கள். சர்ச் கதவில், அம்மன் கோயில் தூணில், அடிபம்பில், ஒரு மாட்டுக் கொட்டகையில்கூடக் கை. நான் போய்ப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எத்தனையோ பீஸ்களைப் புரட்டிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்கிற என் கண்ணுக்கு அன்றைக்கு ஒன்றுமே தெரியவில்லை.

இரண்டாம் முறை வந்தவர்கள் தெருவுக்குள் நுழைந்து திகைத்து நின்றார்கள். எங்கே திரும்பினாலும் கை. ஓர் இளைஞர் அடையாளத்தைப் பார்த்து ஒரு வீட்டின் அடுப்படிக்குள்ளேயே போய்விட்டார். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் கையில் இருந்த கருவியில் ஏதோ தட்டிக்கொண்டார்.

முடிவைச் சொல்ல எங்களைத் திருவள்ளூருக்குக் கூப்பிட்டார்கள். பாதை தேறிவிட்டது. கை தட்டினோம். பிறகு திரையில் வரைபடம் வந்தது. அவள் என் காதருகே, "நம்ம தெருவு வருதாக்கா?" என்றாள். அந்த ஒரு கேள்வியைத்தான் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோடு ஏரிக்கரையாக வந்தது. புளியமரம் வரைக்கும் வந்தது. அங்கே திரும்பி, மெயின் ரோட்டில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டது.

நான் எழுந்து சண்டை போட்டேன். குரல் உடைகிற வரைக்கும் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் நுழைய வேண்டும், தெரு குறுகல். தங்குமிடத்தில் இத்தனை பேருக்கு இத்தனை கழிவறை வேண்டும். அடையாளங்கள் குழப்புகின்றன. புளியமரத்திலிருந்து தெருவுக்குப் போகிற வரப்பு ஊர்க்காரர் ஒருவருடையது, அவர் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்கிறார். இத்தனை வருஷம் அந்த வரப்பில்தான் நடந்தோம், அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. சம்மதம் கேட்டதும்தான் தடுக்கத் தோன்றியிருக்கிறது. காரணங்கள் எல்லாம் சரியானவை. சாமி திரும்புவதற்கும் இப்படிச் சரியான காரணங்கள் இருக்கின்றன. அதைச் சொன்னபோது அந்த அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. நாங்கள் அதையெல்லாம் நினைக்கவே இல்லை என்றார். நினைக்கவில்லை என்பது உண்மைதான். கோடு என்னவோ அங்கேதான் திரும்பியது.

அவள் திரையின் மூலையில் இருந்த பாதையின் புதுச் சின்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கை. அழகாக வரைந்திருந்தார்கள். ஐந்து விரலும் முழுசாக இருந்தன.

பாதை மாறிய இடங்களில் பழைய அடையாளங்களை அழித்துவிட வேண்டும், நடக்கிறவர்கள் வழி தவறக்கூடாது என்பது ஒரு விதி. யாரோ ஆள் வந்து அந்தக் கதவுகளைச் சுரண்டுவதை என்னால் நினைக்க முடியவில்லை. நானே போகிறேன் என்றேன். போனால், அவள் எனக்கு முன்னால் பெயின்ட் டப்பாக்களோடு உட்கார்ந்திருந்தாள். நீலக் கதவுக்கு நீலம், பச்சைக் கதவுக்குப் பச்சை என்று பார்த்துப் பார்த்து வாங்கி வந்திருந்தாள். ஒரே நிறத்தில் அடித்தால் கதவு அசிங்கமாகிவிடுமாம்.

இரண்டு பேரும் ஒவ்வொரு கதவாக அடித்துக்கொண்டே வந்தோம். தெருவில் யாரும் எங்களைக் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு குட்டிப்பெண் மட்டும் தன் கையை அழிக்கக்கூடாது என்று கதவை மறைத்துக்கொண்டு அழுதாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே இவள் பிரஷை ஓட்டினாள். கடைசியாக என் தோழியின் வீட்டுக் கதவு.

"இதை விட்டுடு. எனக்காக" என்றேன்.

"வாணாம்க்கா. யாராவது பாத்துக்கினு தப்பா இங்க வந்துட்டா, அவுங்களுக்குத்தான் பேஜாரு."

"வந்தா சாப்பாடு போடு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடித்தாள். எனக்குத்தான் கண் மறைத்தது.

பாதையைத் திறந்துவைத்த பிறகு வந்த முதல் நடை. எனக்குப் போகப் பிடிக்கவில்லை, ஆனாலும் போனேன். புதுப் பலகைகள் நேராக நின்றன. குறுக்கே இருந்த சுவர் ஒன்று இடிக்கப்பட்டிருந்தது, அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. இரண்டாம் நாள் சாயங்காலம் புளியமரத்தை நெருங்கும்போது அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். துவைத்து மடிப்புக் கலையாமல் கட்டிய புடவை, பக்கத்தில் ஒரு டிரம்மில் மோர். கையில் துணி சுற்றிய என் அலுமினியச் சட்டி.

"மண்டபத்துல இன்னா எண்ணெய்ல செய்வானுங்களோ, அதான் எடுத்தாந்தேன்" என்றாள்.

வந்தவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தவர்கள் நன்றி சொல்லிவிட்டு மண்டபத்தின் பக்கம் திரும்பினார்கள். அந்தத் திருப்பத்தில், மரத்தடியில், பெரிய பலகை. அதில் மஞ்சள் கை. ஒவ்வொருவரும் அதன்மேல் தங்கள் கையை ஒட்டி வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அது இப்போது வழக்கமாகிவிட்டது போலிருக்கிறது. கல்லூரிப் பெண்கள் கூட்டம் ஒன்று இவளிடமே போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னது. எடுத்துக் கொடுத்தாள். அதில் ஒரு பெண், நல்ல பெண், மோர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து இவள் தோளைத் தொட்டாள்.

"ஆன்ட்டி, நீங்களும் வாங்க. நீங்களும் கை வைங்க, நான் எடுக்கிறேன்."

எத்தனை டீக்கடையில், எத்தனை கரைக்கல்லில் விரித்து நீட்டிய கை அது. அவள் அதைப் புடவை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, "எனுக்கு வாணாம்மா, நீங்க எடுத்துக்கோங்க" என்றாள்.