கட்டுச்சோற்றுக்கு அழையாமல் போன நர்ஸ்

"அந்தப் பொண்ணை யார் பாத்துட்டு இருந்தீங்க?"

கூட்டத்தில் எங்கள் மேலதிகாரி மேடம் கேட்ட கேள்வி இது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்துவிட்டால், ஏன் இறந்தாள் என்று விசாரிக்கக் கூட்டம் போடுவார்கள். அன்று இரண்டு கிராம சுகாதார செவிலியர்கள் எழுந்து நின்றார்கள். புகுந்த ஊர் நர்ஸ், "ஒன்பதாம் மாசம் அம்மா வீட்டுக்குப் போயிட்டா மேடம்" என்றாள். பிறந்த ஊர் நர்ஸ், "அவ வந்ததே எனக்குத் தெரியாது மேடம்" என்றாள். இரண்டு பேர் சொன்னதும் நிஜம். அந்தப் பெண் செத்துப்போனதும் நிஜம்.

நானும் ஒரு கிராம நர்ஸ்தான், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பின்வரிசையில் இருந்து எழுந்தேன்.

"மேடம், கட்டுச்சோறு வச்சுத்தான் பொண்ணைக் கூட்டிட்டுப் போறாங்க. ஊரையே அழைக்கிறாங்க. நமக்கு மட்டும் தெரியலைன்னா எப்படி? அழைக்காட்டியும் நாம போய் நிப்போம். அங்கயே பி.பி. பாத்து, அந்த ஊர் நர்சுக்குப் போன் பண்ணி ஒப்படைப்போம்."

கட்டுச்சோறு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தலைப்பிரசவத்துக்கு முன்னால் பிறந்த வீட்டார் புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு என்று அண்டா அண்டாவாகக் கொண்டுவந்து, விருந்து வைத்து, மகளை அழைத்துப்போகிற விசேஷம் அது.

"உங்களுக்கு நல்ல சாப்பாடு கிடைக்கும்க்கா" என்று பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். மேடம் சிரிக்கவில்லை. "செஞ்சு பாருங்க" என்றார்.

நந்தினியின் விசேஷம்

வாழப்பாடிப் பக்கம் என் கிராமத்துக்கு வாழ வந்த பெண் நந்தினி. பிறந்த வீடு சேந்தமங்கலம். போன தடவை பார்த்தபோது பி.பி. சரியாகத்தான் இருந்தது. கட்டுச்சோறு அன்று நான் போனபோது கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது.

பி.பி. பட்டையை எடுத்ததும் மாமியார் ராசாத்தியம்மா பிடித்துக்கொண்டார். "நல்ல காரியத்துல கருப்புப் பட்டையைக் கட்டுறியே, உனக்கே நல்லா இருக்கா?"

"கருப்பு திருஷ்டிக்கு நல்லதுதாம்மா" என்று கட்டினேன்.

நூற்று அறுபதுக்கு நூற்றுப்பத்து. நம்பாமல் திரும்பவும் பார்த்தேன். அதே அளவு. காலை அழுத்தினால் குழி விழுந்தது. சிறுநீர் பரிசோதனையில் ஆல்புமின் என்கிற புரதமும் தெரிந்தது. நந்தினி என் காதருகே சொன்னாள், "காத்தால இருந்து தலை வலிக்குதுங்க. சொன்னா விசேஷம் கெட்டுப்போயிருமுங்க."

எந்த நிமிடமும் வலிப்பு வரலாம். உடனே சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன்.

நந்தினியின் அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏனுங்க நர்சம்மா, நல்ல நேரத்துல அம்மா ஊடு வர்ற புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றீங்களே! நாங்க ஊட்டுக்குப் போயி, நாளைக்கு எங்கூரு டாக்டர்கிட்ட காட்டிக்கறமுங்க."

"எனக்குந்தான் கால் வீங்குச்சு. மூணு பெத்து எடுக்கல?" என்றார் ராசாத்தியம்மா. இதில் மட்டும் சம்பந்திகள் இருவரும் ஒற்றுமை.

நந்தினியின் அப்பா ஓரமாக நின்றிருந்தார். போர்வெல் போடும் ரிக் வண்டி ஓட்டியே காலம் தள்ளியவர். அவரிடம் போனேன்.

"அண்ணா, இன்ஜின் ஹீட் மீட்டர் சிவப்புக்குப் போயிட்டா என்ன செய்வீங்க?"

"ஓரங்கட்டி ஆஃப் பண்ணிருவமுங்க."

"ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்னு ஓட்ட மாட்டீங்களா?"

"இன்ஜின் புடிச்சுக்குமுங்களே..." என்றவர் பாதியில் நிறுத்தினார். மகளைப் பார்த்தார்.

"சிவப்புலதான் இருக்குதுண்ணா."

அவர் வேறு யாரிடமும் கேட்கவில்லை. "கெளம்பு சாமி" என்று மகளின் கையைப் பிடித்து எழுப்பினார். "போற வழிதான சேலம். நல்ல நேரத்துலயே கெளம்பியாச்சு" என்று மனைவியையும் சமாதானம் செய்தார்.

108 வந்தது. நானும் ஏறிக்கொண்டேன். அயோத்தியாப்பட்டணம் வரும்போது, "கண்ணு மங்கலா தெரியுதுங்க" என்றாள் நந்தினி. அவள் கையை விடாமல் பிடித்திருந்தேன். முன்கூட்டியே போன் செய்திருந்ததால் லேபர் வார்டில் ஊசி தயாராக இருந்தது. வலிப்பு வரவில்லை. பின்னாலேயே வேனில் வந்த சொந்தக்காரர்கள் மிச்சமிருந்த சோற்றை ஆஸ்பத்திரி மரத்தடியில் வைத்துச் சாப்பிட்டு, யார் யாருக்கோ கொடுத்தார்கள்.

பி.பி.யைக் கட்டுக்குள் கொண்டுவந்து பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று டாக்டர் சொன்னதும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். எத்தனையோ பிரசவம் பார்த்தவள்தான், ஆனாலும் அழுதேன்.

நந்தினி டிஸ்சார்ஜ் ஆகி அம்மா வீட்டுக்குப் போனபோது சேந்தமங்கலம் நர்சுக்குப் போன் செய்தேன். பிரசவம் ஆனதோடு இந்த பி.பி. விட்டுவிடாது. அந்த நர்ஸ் நந்தினி வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு, "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதுங்க்கா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

புதிதாக வந்திருக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கு

ஒரு பெண் ஒரு ஊரை விட்டு இன்னொரு ஊருக்குப் போகிற இடைவெளியில்தான் நாம் அவளைத் தவறவிடுகிறோம். சனங்களின் வழக்கத்தைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த விசேஷத்துக்கு வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். உள்ளே போய் உட்கார்ந்து, சாப்பிட்டு, பி.பி. பாருங்கள். இன்னொரு நர்ஸ் "நான் பார்த்துட்டேன்" என்று தன் வாயால் சொல்லும்வரை அந்தப் பெண் உங்கள் பொறுப்பு.

போன வாரம் ராசாத்தியம்மா போன் செய்தார். "சின்ன மருமவளுக்குக் கட்டுச்சோறு வைக்கணும். ஜோசியர்கிட்ட இன்னும் போகல. நீ என்னைக்கு வந்து பாப்பேன்னு மொதல்ல சொல்லு, அதுக்குத் தோதா நாள் குறிக்கச் சொல்றேன்."

நான் ரிட்டயர் ஆகிவிட்டதைச் சொன்னேன்.

"அப்ப புதுசா வந்திருக்கிற பொண்ணு நம்பரைக் கொடு."

கொடுத்திருக்கிறேன். உங்களில் ஒருத்தியின் நம்பர்தான். போன் வந்தால் எடு, கண்ணு.