எழுபது வளைவும் ஒரு மெழுகுவத்தியும்

பஸ் கிளம்பும் முன்பே பொன்னம்மாள் முன்படியில் ஏறிவிடுவார். எங்கேயும் போவதற்கல்ல. கையிலிருக்கும் மெழுகுவத்தியின் அடியைத் தீக்குச்சியில் காட்டி இளக்கி, டிரைவருக்கு எதிரே கண்ணாடியோரம், முருகன் படத்துக்குப் பக்கத்தில் நட்டுவைப்பார். "பத்தரமாப் போயிட்டு வா சாமி" என்பார், மெழுகுவத்தியிடம். டிரைவர் மாதேஸ்வரன் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை.

கொல்லிமலையின் எழுபது வளைவும் இறங்கி, காளப்பநாயக்கன்பட்டி தாண்டி நாமக்கல் வரை வெயிலில் காய்ந்துவிட்டு, சாயங்காலம் அதே பஸ்ஸில் மெழுகுவத்தி மலையேறி வரும். வளைந்திருந்தால் தோல்வி. இந்தப் பரீட்சை வேண்டிவந்ததற்குக் காரணம் உண்டு.

2007இல் மெழுகுவத்தி செய்யப் பயிற்சி கொடுக்க வந்தவர்கள் இரண்டு மூட்டை சோயா மெழுகைத் தந்து, கண்ணாடி கிளாஸில் ஊற்றச் சொன்னார்கள். "எழுபது வளைவுல கிளாசு எப்பிடீங்க ஒடையாமப் போவும்?" என்று கேட்டுவிட்டு, பொன்னம்மாள் மூங்கிலைப் பிளந்து, அச்சாகக் கட்டி, அதில் வார்த்தார். மலைக் குளிரில் எல்லாம் ஜம்மென்று நின்றன. கீழே நாமக்கல்லில், விற்க வாங்கிக்கொண்ட சின்னுசாமியின் மளிகைக் கடையில் மத்தியானத்துக்குள் அத்தனையும் தலை குனிந்துவிட்டன. அவர் மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார். அடுத்த சந்தைக்குள் நிமிர்ந்து நிற்பதைக் காட்டினால் ஆயிற்று, இல்லாவிட்டால் இனி வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

மெழுகுவத்தி செய்யும் குழுவில் ஏழு பெண்கள். மிளகுக் காட்டு வேலையை விட்டுவிட்டு பொன்னம்மாள் பேச்சை நம்பி வந்தவர்கள். "என்னோட போச்சுன்னா பரவால்லீங்க. அவுங்க மொகத்துல எப்பிடி முழிக்கறது?" என்னிடம் இதைச் சொன்னபோது மட்டும் பொன்னம்மாள் சிரிக்கவில்லை.

மற்றபடி எதற்கும் சிரிக்கிற மனுஷி. மெழுகு கெட்டிப்பட முதலில் இவர் கலந்தது மரவள்ளி மாவு! கூழுக்குச் சரி, மெழுகுக்கு ஆகுமா? மாவு அடியில் தங்கி, திரியை அடைத்து, தீ அணைந்துபோனது. ஊடு பூரா வடகம் பொரிக்கற வாசமுங்க என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அடுத்து மிளகுத்தூள், பூச்சி வராது என்று கணக்கு. பூச்சியின் கதை தெரியாது, வீட்டுக்காரர் ராசப்பன் தும்மிக்கொண்டே வெளியே ஓடினார்.

வழி அந்த ராசப்பனிடமே இருந்தது. தேன் பிழிந்தபின் அவர் வீசியெறியும் அடைச் சக்கையை எடுத்து உருக்கி, துணியில் வடிகட்டி, அந்தத் தேன்மெழுகைச் சோயா மெழுகில் கலந்தார் பொன்னம்மாள். ஐந்து கரண்டிக்கு ஒன்று: சாய்ந்தது. நாலுக்கு ஒன்று: கொஞ்சமாகச் சாய்ந்தது. மூன்றுக்கு ஒன்றாக்கினார்.

பஸ் திரும்பும் நேரத்துக்கு அலுமினியச் சட்டியோடு வந்து நிற்பது வழக்கம். வளைந்து வந்தது அங்கேயே சட்டிக்குள் விழும், மறுபடி உருக்க. "கீழ பாக்கற ஆளுக்கெல்லாம் கும்புடு போட்டுட்டே வருதுங்க அக்கா" என்று மாதேஸ்வரன் தினமும் கேலி செய்வார்.

சந்தைக்கு முந்தின நாள் ஏழு பெண்களும் நிறுத்தத்தில் கூடிவிட்டார்கள். நானும் நின்றேன். பஸ் வந்து நின்றதும் மாதேஸ்வரன் மெழுகுவத்தியைப் பெயர்த்தெடுத்து ஜன்னல் வழியே நீட்டினார்.

"இன்னைக்கு ஒருத்தரையுங் கும்புடலீங்க அக்கா."

பொன்னம்மாள் அதை வாங்கிக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு சட்டியைத் தரையில் குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.