மதகில் சிக்கிய மட்டை

லிங்கி ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, செம்பனைத் தோட்டம் முடியும் தாழ்வான நிலத்தில், நானும் என் கணவரின் தங்கையும் வெண்டையும் கத்தரியும் போட்டிருந்தோம். முந்தின வருடம் உப்புத் தண்ணீர் ஏறி எல்லாம் கருகிவிட்டது. அதனால் பாத்திகளை முழங்கால் அளவு உயர்த்தி, சுற்றிலும் மண்கரை போட்டு, ஆற்றுப் பக்கம் பலகை மதகு ஒன்று வைத்தோம். கடல் இறங்கும்போது பலகையைத் தூக்கி மழைத் தண்ணீரை வெளியே விடுவோம். ஏறுவதற்குள் இறக்கிவிட வேண்டும்.

அன்றோடு மூன்று நாளாக மழை. பௌர்ணமி வேறு. மதியம் தூக்கிய பலகையை மூன்று மணிக்கு இறக்கப் போனால், பாதியில் நின்றுவிட்டது. அடியில் செம்பனை மட்டை ஒன்று குறுக்கே சிக்கியிருந்தது. ஆறு உள்ளே திரும்பத் தொடங்கியிருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது.

அந்த ஆற்றில் முதலை உண்டு. எதிர்க்கரையில் ஒன்று படுத்திருந்ததை இருவருமே பார்த்திருக்கிறோம்.

"விட்டுருலா. செடிதானே, திரும்ப நட்டுக்கலாம்," என்றேன்.

அவள் பாராங்கத்தியை எடுத்தாள். "போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க அண்ணி. கயித்த மட்டும் விட்டுறாதீங்க."

இடுப்பில் கயிறு கட்டி இறங்கினாள். மார்பளவு தண்ணீர், காப்பி நிறம். மூழ்கி வெட்டினாள், மூச்சுக்கு எழுந்தாள், மறுபடி மூழ்கினாள். நான் அவளைப் பார்க்கவில்லை, ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை மட்டை முறிந்தது. பலகை சட்டென்று இறங்கியது. தண்ணீர் நின்றது. ஆனால் அவள் எழவில்லை.

கயிற்றை இழுத்தேன், வரவில்லை. அவள் கை பலகைக்கு அடியில் மாட்டியிருக்கிறது என்று புரிந்ததும் கரையில் கிடந்த கடப்பாரையைச் செருகி என் முழுப் பாரத்தையும் போட்டு நெம்பினேன். பலகை நான்கு விரற்கடை எழும்பியது. இருமிக்கொண்டே தலையைத் தூக்கினாள். அதற்குள் தண்ணீர் மறுபடி உள்ளே பாய்ந்தது. அவள் முதலில் சொன்னது, "மூடுங்க அண்ணி."

அவளைக் கரையேற்றிய பிறகுதான் மூடினேன்.

இரண்டு விரல்கள் நசுங்கியிருந்தன. ஒன்று இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை. மேல் பாத்திகள் பிழைத்தன. கீழே இருந்த நான்கு பாத்தி ஒரு வாரத்தில் காய்ந்தது. அந்தப் பகுதியைக் கடலுக்கே விட்டுவிட்டுக் கரையை உள்ளே தள்ளிப் போடலாம் என்று நான் சொன்னதற்கு அவள் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை நான் போய்ச் சேருமுன், கட்டுப்போட்ட கையோடு புதுக் கரைக்கு முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தாள்.