நேர்ந்துவிட்ட சேவல்

பக்கத்துக் கம்பத்து வீடுகளில் கோழிச்சீக்கு பரவுகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இங்கே மலேசியாவில், கிள்ளானில் வீட்டுக்குப் பின்னால் நாட்டுக்கோழி வளர்க்கிறோம். அதைத் தீபாவளிக்கு விற்றால்தான் எங்களுக்குப் பண்டிகை. கொட்டகை வாசலில் மருந்துத் தண்ணீர் வைத்தேன். அதில் செருப்பை நனைக்காமல் கணவரைக்கூட உள்ளே விடமாட்டேன். கோயிலுக்குக்கூட நீ இவ்வளவு சுத்தம் பார்த்ததில்லை என்று கிண்டலடித்தார். கிண்டலடித்தால் அடிக்கட்டும்.

அப்படிக் கட்டிக்காத்த இடத்துக்குத்தான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து என் அக்கா ஒரு சேவலோடு வந்தாள். அத்தானுக்கு அடுத்த மாதம் இருதய ஆபரேஷன். அவர் நல்லபடியாக வீடு திரும்பினால் முனியாண்டிக்கு அறுப்பதாக வேண்டிக்கொண்டு பாசாரில் வாங்கியிருக்கிறாள். அடுக்குமாடி வீட்டில் சேவலை எங்கே வைப்பாள், பாவம். புதுக்கோழியைச் சில வாரம் தள்ளித்தான் வைக்க வேண்டும், கூண்டில் தனியாக விடுகிறேன் என்றேன்.

"சாமிக்கு நேர்ந்துவிட்டத அடைக்கக் கூடாதுடி. உங்க அத்தான் உயிரு அது," என்றாள். கண் கலங்கியிருந்தது.

அவள் போனதும் பிடித்து அடைத்துக்கொள்ளலாம் என்று காப்பி கலக்கப் போனேன். வருவதற்குள் கொட்டகைக் கதவைத் திறந்து உள்ளே விட்டுவிட்டாள். என் கோழிகளோடு ஒரே தட்டில் தீனி கொத்திக்கொண்டிருந்தது சேவல். இனி அதைத் தனியாக அடைத்தும் பயனில்லை.

அதன்பின் விடிந்ததும் கொட்டகைக்கு ஓடுவேன். ஒரு கோழி தும்மினாலும் தூக்கிப் பார்ப்பேன். சேவலுக்கு ஒரு குறையும் இல்லை, கம்பீரமாகக் கூவியது. ஒரு காலையில் ஒரு பெட்டை கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றது. அப்புறம் பச்சையாகக் கழிந்து ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தன. மிச்சத்தையாவது சீக்கிரம் விற்றுவிடலாம் என்றார் கணவர். வாங்குகிறவன் வீட்டுக் கோழியும் சாகட்டுமா என்று கத்திவிட்டு, கால்நடை இலாகாவுக்குப் போன் செய்தேன்.

வந்த அதிகாரி எல்லாவற்றையும் பார்த்தார். சேவலுக்கு முன்பே தடுப்பூசி போட்டிருப்பார்கள், அது தனக்கு ஒன்றும் ஆகாமல் மற்றவற்றுக்குச் சீக்கைப் பரப்பியிருக்கும் என்றார். உயிரோடு இருந்தவற்றையும் அழிக்கச் சொன்னார், சேவலையும் சேர்த்துத்தான். அக்காவை அறையலாம் போல் ஆத்திரம் வந்தது.

கணவர் கோழிகளைப் புதைத்த குழியை மூடிக்கொண்டிருந்தபோது அவளே ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். அத்தானை அப்போதுதான் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்களாம்.

"சேவல் நல்லா இருக்காடி?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"நல்லா இருக்கு லா. நீ அத்தானைப் பாரு," என்றேன்.