ஈரல் கட்டியின் இரண்டு படங்கள்

முதல் படத்தில் கட்டி இருபத்துநான்கு மில்லிமீட்டர். ஏழு நாள் ஊசி போட்டபின் எடுத்த இரண்டாவது படத்தில் முப்பத்தொன்று. மூன்று தடவை ஸ்கேலை வைத்து அளந்தேன், மூன்று தடவையும் அதேதான். ஆனால் டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளில், கட்டி ஆறு புள்ளி இரண்டு சென்டிமீட்டரிலிருந்து நான்கு புள்ளி எட்டாகக் குறைந்துவிட்டதாக இருந்தது.

படத்தைச் சிறிதாக்கித்தான் தாளில் அச்சடிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டும் ஒரே மெஷினிலிருந்து, ஒரே அகலத் தாளில் வந்தவை. ஒன்றை எவ்வளவு சிறிதாக்கியதோ மற்றதையும் அவ்வளவுதானே சிறிதாக்கியிருக்கும்? அப்படியென்றால் கட்டி வளர்ந்திருக்கிறது. வளர்ந்ததைக் குறைந்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்று நான்காவது வருஷம் நடந்தது இது. என் மனைவிக்குக் குளிர்க்காய்ச்சல் வந்து, வலது விலாவுக்குக் கீழே கைவைக்க முடியாத வலி. பெரிய காஞ்சிபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த நர்ஸிங் ஹோமில் சேர்த்தேன். ஈரலில் கிருமி புகுந்து சீழ் கட்டியிருப்பதாக டாக்டரம்மா சொன்னார். ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே நீள ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சீழை எடுத்தார்களாம். ‘எடுத்தார்களாம்’ என்றுதான் சொல்ல வேண்டும். என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். கதவு பதினேழு நிமிடம் சாத்தியிருந்தது.

மிச்சம் இருப்பதை மருந்தே கரைத்துவிடும், மூன்று வாரம் ஊசி போட வேண்டும், அவ்வப்போது ஸ்கேனில் பார்த்துக்கொள்வோம் என்றார் டாக்டர். சுருங்கினால் இங்கேயே சரியாகிவிடும். சுருங்காவிட்டால் சென்னைக்குப் போய் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும்.

அதைக் கேட்டதிலிருந்து என் மனைவி ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டாள். “ஏன்னா, வயித்தைக் கிழிக்கச் சொல்லிடுவாளோ? அவா சொன்னா நீங்க சரின்னு தலையாட்டிடாதீங்கோ.”

வைத்தியம் பார்ப்பவரே ஸ்கேனும் எடுத்தார். பரீட்சை எழுதுகிறவன் கையிலேயே சிவப்பு மையைக் கொடுத்துத் திருத்தச் சொன்னதுபோல எனக்கு இருந்தது. காய்ச்சலைக் காலை, மதியம், மாலை என்று நானே பார்த்துக் குறித்துவந்தேன். ஆறாம் நாள் இறங்கியது. எட்டாம் நாள் மாலை மறுபடி நூறைத் தாண்டியது. ஊசி மருந்துக் குப்பிகளையும் எண்ணினேன். அதில் குறை இல்லை. அப்புறம்தான் படங்களை எடுத்து அளக்க ஆரம்பித்தேன்.

ஒன்பதாம் நாள் காலை படங்களோடும் ஸ்கேலோடும் டாக்டரின் அறைக்குப் போனேன்.

“ஏழு மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது டாக்டர்.”

அவர் படத்தைப் பார்க்கவில்லை, ஸ்கேலைத்தான் பார்த்தார். “அளவெல்லாம் மெஷின் எடுத்தது சார். தாள்ல அளக்கக் கூடாது.”

“ஏன் கூடாது?”

“வெளில பதினோரு பேர் நிக்கறாங்க சார். சாயங்காலம் சொல்றேனே.”

பதினான்கு பேர் நின்றார்கள். இதையே தப்பாக எண்ணுகிறவர் கட்டியை எப்படிச் சரியாக அளந்திருப்பார்? கடைத்தெருவுக்குப் போய் மறுநாள் காலை ஆறு மணிக்குச் சென்னை போக ஒரு கார் பேசிவிட்டு வந்தேன். மனைவியிடம் சொன்னபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. மறுபடி படங்களை எடுத்து வைத்துக்கொண்டு அளந்தேன்.

அடுத்த கட்டிலில் ஒரு அம்மாள் ஆறாத கால் புண்ணோடு படுத்திருந்தாள். அவள் புருஷன் ஐயம்பேட்டைக்காரர், பட்டுச் சேலைக்கு டிசைன் வரைகிறவர். மனைவிக்குத் துணையாக உட்கார்ந்தபடி மடியில் பலகை வைத்து, கட்டம் போட்ட தாளில் பென்சிலால் புள்ளி குத்திக்கொண்டே இருப்பார். இடையிடையே எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பார். அது எனக்குப் பிடிக்காது.

“இன்னா வாத்தியாரே, காலைலேர்ந்து அளந்துக்கினே இருக்கிறீங்க? ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?”

எரிச்சலோடுதான் விஷயத்தைச் சொன்னேன். படங்களை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

“ஓரத்துல சின்னச் சின்னதா கோடு இருக்குதே, அது இன்னா?”

நான் கவனிக்கவில்லை. கறுப்பு ஓரத்தில் மேலிருந்து கீழே, எறும்பு வரிசைபோல வெள்ளைக் கோடுகள்.

“இதுல நெருக்கமா இருக்குது, அதுல தள்ளித் தள்ளி இருக்குது பாரு.” தன் பலகையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு தாள்களில் ஒரே மாங்காய். ஒன்று கையகலம், மற்றது அதில் பாதி. “ரெண்டும் ஒரே சேலைக்குத்தான். இந்தத் தாள்ல கட்டம் பெருசு, அதுல சிறுசு. தாள்ல மாங்கா எத்தினி பெருசுன்னு நாங்க பாக்கமாட்டோம்பா, எத்தினி கட்டம்னு எண்ணுவோம். கட்டம்தான் இழை. உன் ஊட்டம்மா கட்டி எத்தினி கட்டம்?”

பென்சில் முனையை வைத்து எண்ணினேன். முதல் படத்தில் ஆறு இடைவெளிக்குச் சற்றுக் கூட. இரண்டாவதில் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. ஓர் இடைவெளி ஒரு சென்டிமீட்டர்; டாக்டர் தாளில் இருந்த அதே அளவு.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அளவுத்திட்டம் எழுதாமல் வரைபடம் போட்ட பிள்ளைகளுக்கு முப்பத்திரண்டு வருஷம் ஒவ்வொரு மதிப்பெண்ணாக வெட்டியவன் நான்.

“கணக்கு வாத்தியாருன்னாங்களே,” என்று சிரித்தார் அவர். அவர் மனைவி, “நீ கம்முனு இருய்யா,” என்று அதட்டினாள்.

ஆனாலும் மனம் முழுக்கச் சமாதானம் ஆகவில்லை. கோடு போடுவதும் அதே மெஷின்தானே? எட்டாம் நாள் காய்ச்சல் ஏன் வந்தது? சாயங்காலம் டாக்டரிடம் போய், அச்சடித்த படம் வேண்டாம், திரையிலேயே பார்க்க வேண்டும், கதவுக்கு வெளியே நிற்கமாட்டேன் என்றேன். “வாங்க,” என்றார்.

அறை இருட்டாக இருந்தது. மனைவியின் விலாவில் குளிர்ந்த ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தார். சாம்பல் நிறத்தில் ஈரல் தெரிந்தது, அதன் நடுவில் ஒரு கறுப்பு. அது அச்சடித்த படம்போல அசையாமல் கிடக்கவில்லை. அவள் மூச்சு விட விட, அதுவும் நகர்ந்து நகர்ந்து திரும்பியது. அவள் சுவாசம் அது. யாரும் வரைந்து காட்ட முடியாது. டாக்டர் ஒரு குமிழைத் திருகினார். கறுப்பு பெரிதாயிற்று, ஓரத்துக் கோடுகளும் கூடவே விலகின. திருப்பித் திருகினார். இரண்டும் சேர்ந்து சுருங்கின.

“இதத்தான் சார் காலைல சொல்ல வந்தேன். சுத்தி இருந்த வீக்கமும் வத்திருக்கு, பாருங்க. நேத்து காய்ச்சல், ஊசி ஏத்தற கை வீங்கினதால. அந்த ஊசியை எடுத்துட்டேன். மாமி, மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்கோங்க.”

கறுப்பு நின்றது. திரைக்குக் கிட்டே போய் விரல் வைத்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அப்புறம் ஒரு பாதி.

“எண்ணியாச்சா சார்?”

“இன்னொரு தடவை.”

என் மனைவி மூச்சைப் படாரென்று விட்டாள். கறுப்பு விரலுக்கடியிலிருந்து நழுவி ஓடியது.

“வயித்தைக் கிழிக்க வேண்டாம்னு முதல்ல சொல்லுங்கோ,” என்றாள் இருட்டிலிருந்து. “அப்பறம் எத்தனை தடவை வேணா பிடிக்கறேன்.”

“வேண்டாம்,” என்றேன். “கார்க்காரனிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.”

ஆழமாக மூச்சை இழுத்துப் பிடித்தாள். நான் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.